ரெகுலேட்டரின் விலை பெட்டியோடு முடிவதில்லை

புதுச்சேரியில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதைக் கற்றுக்கொடுப்பதும் கருவிகளைப் பழுதுபார்ப்பதும் என் தொழில். போன மாதம் ஒரு மாணவர் புத்தம்புது ரெகுலேட்டருடன், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுவிடத் தரும் கருவியுடன் வந்தார். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியதாம். உள்ளூர்க் கடை சொன்ன விலையைவிட 12,000 ரூபாய் குறைவு என்றபோது அவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

கடலுக்குக் கொண்டுபோகும் முன் சோதித்துவிடலாம் என்று அழுத்தமானியைப் பொருத்தினேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை ரெகுலேட்டரின் முதல் நிலை (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) 9 அல்லது 10 பாருக்குக் குறைத்து அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். முள் 9.5-இல் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. 10, 11, 12. வாயில் கடிக்கும் பகுதியிலிருந்து காற்று சீறிக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. உள்ளே வால்வை அடைக்கும் சிறிய வட்டு சரியாகப் பதியவில்லை. சீறலுக்குக் காரணம் முதல் நிலையில் இருக்கிறது என்பது அழுத்தமானியால்தான் தெளிவாகத் தெரிந்தது. நீருக்கடியில் இப்படிச் சீறினால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

அந்த வட்டை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் அசல் உதிரிபாகங்களைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அங்கீகரித்த கடைகளுக்கும் பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவர்களுக்கும் மட்டுமே தருகிறார்கள். அங்கீகாரம் இல்லாத விற்பனையாளரிடம் வாங்கிய கருவிக்குப் பல நிறுவனங்களின் உத்தரவாதம் செல்லாது. திருப்பி அனுப்பலாம் என்றால் கூரியர் செலவு அவருடையது. சுங்க வரியை ஏற்கெனவே கட்டியிருந்தார். போதாக்குறைக்கு, அது திருகிப் பொருத்தும் டின் வகை. எங்கள் சிலிண்டர்களில் இருப்பது கவ்விப் பிடிக்கும் யோக் வகைக்கான வால்வு. அதற்கு ஓர் அடாப்டர் வேறு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். 12,000 ரூபாய் கரைந்துபோயிருந்தது.

இணையத்தில் எதையுமே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. டார்ச், வலைப்பை, நீருக்கடியில் எழுதும் பலகை போன்றவற்றை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள். மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்: பட்டையை மாட்டாமல் முகத்தில் பதித்து, மூக்கால் மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். அப்படிக் கடையில் பத்து மாஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று கைபேசியில் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் அதே கடையில்தான் ஓடுகிறது. கடையை மூடினால் அதுவும் நின்றுவிடும்.

கடைக்காரர்களும் வெறும் விலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பொருத்திச் சோதித்துத் தருவீர்களா, முதல் சர்வீஸ் இந்த விலையில் அடக்கமா, கருவி சர்வீஸில் இருக்கும் நாள்களில் மாற்றுக் கருவி கிடைக்குமா என்று நீங்களே கேளுங்கள். இணைய விலையைக் காட்டிப் பேரம் பேசுவதிலும் தவறில்லை. முழு செட்டாக வாங்கினால் குறைத்துக்கொடுப்பவர்கள் உண்டு.

அந்த மாணவரின் ரெகுலேட்டருக்கு உதிரிபாகம் இன்னும் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடைய பழைய ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டுதான் அவர் கடலில் இறங்கப்போகிறார்.