வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள், தட்டிவிடுங்கள்

மூன்று மாதத்தில் இது நான்காவது முழங்கால். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வந்தவருக்கு 27 வயது, ஐ.டி. வேலை. பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரையில் மடக்கி, மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ பணியவைக்கும் மல்யுத்தம் மாதிரியான விளையாட்டு) கற்க ஆரம்பித்து எட்டு மாதம், வெள்ளை பெல்ட், அதாவது ஆரம்ப நிலை. சனிக்கிழமை பயிற்சியில் கூட ஆடியவர் ஹீல் ஹூக், அதாவது குதிகாலைப் பிடித்துக் காலை முறுக்கும் பிடி, போட்டிருக்கிறார். "டக்குன்னு ஒரு சத்தம் டாக்டர். பெருசா வலிக்கல, அதான் தட்டல" என்றார். (இந்த விளையாட்டில் கையால் தட்டினால் 'தோற்றேன், விடு' என்று அர்த்தம்.) ராத்திரிக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டில் எண்ணெய் போட்டு நன்றாக நீவியும் விட்டிருக்கிறார்கள். (அடிபட்ட மூட்டை நீவுவதைப் பற்றித் தனியாக ஒரு நாள் திட்டுகிறேன்.)

படுக்கவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காலை முன்பக்கமாக இழுத்துப் பார்த்தேன். நல்ல முழங்கால் என்றால் சில மில்லிமீட்டர் நகர்ந்ததும் கயிறு இழுபட்டதுபோல் சட்டென்று நிற்கும். இவருக்கு அந்த நிற்கும் இடமே இல்லை. தடுப்புக் கட்டை உடைந்த மேசை டிராயர் மாதிரி வந்துகொண்டே இருந்தது. எம்.ஆர்.ஐ. பிறகு சொன்னதும் அதைத்தான்: முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் முழுசாக அறுந்திருந்தது.

இந்த விளையாட்டுப் பிள்ளைகள் எல்லோரிடமும் "உனக்குப் பிடித்த பிடி எது?" என்று கேட்பேன். முகம் மலர்ந்துவிடும். முழங்கையைப் பூட்டும் ஆர்ம்பார், தோளை முறுக்கும் கிமுரா, பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் ரியர் நேக்கட் சோக், இப்போது புது மோகமாக ஹீல் ஹூக். "எப்போது தட்டுவாய்?" என்று கேட்டால் நான்கு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "வலிச்சா தட்டிடுவேன்."

இல்லை. இந்த எண்ணம்தான் காலை வாங்குகிறது. வலி எல்லாப் பூட்டிலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆர்ம்பாரில் முழங்கை நேராகி எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கும்போதே வலிக்கும், யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஹீல் ஹூக்கில் கிடையாது. பெயரில் குதிகால் இருப்பதால் பலர் இதைக் கணுக்காலுக்கான பிடி என்று நினைக்கிறார்கள். தொடை எதிராளியின் கால்களுக்கு நடுவே பூட்டப்பட்டிருக்கிறது, குதிகால் அவர் முழங்கை மடிப்பில் இருக்கிறது. ஈரத் துணியின் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள மறு முனையை இன்னொருவர் முறுக்கினால் நடுவில் என்ன ஆகும்? அந்த நடுதான் முழங்கால். இறுக்கம் தெரிவதற்கும் தசைநார் அறுவதற்கும் இடையில் 'ஐயோ' என்று சொல்லக்கூட நேரமில்லை. பயந்துபோய்த் தவறான பக்கம் உருண்டால் மிச்ச வேலையை நீங்களே முடித்துவிடுகிறீர்கள்.

வலியை நம்பாதே என்றால் உடனே வீரக்கதை சொல்வார்கள். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா கையை முறுக்கியபோது, இந்த விளையாட்டின் முன்னோடி எலியோ கிரேசி தட்டவே இல்லையாம். உண்மைதான். துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தியது அவர் தரப்பு. உங்கள் பயிற்சிக் கூடத்தில் துண்டோடு யார் நிற்கிறார்கள்? நான் சொல்வது வேறு கதை. 2004-இல் ஒரு கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியில் ஃபிராங்க் மிர் போட்ட ஆர்ம்பாரில் டிம் சில்வியாவின் முன்கை எலும்பு முறிந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதும், கைக்கு ஒன்றுமில்லை என்று சில்வியா வாதாடினார். எலும்பு உடைந்தவரே அப்படித்தான் சொன்னார்.

சரி, என்ன செய்வது? குதிகால் மாட்டிக்கொண்டது, விடுவிக்கத் தெரியவில்லை என்றால் அப்போதே தட்டுங்கள். எதிராளியின் உடம்பில், அவருக்கு உறைக்கிற மாதிரி. கை சிக்கியிருந்தால் வாயால் கத்துங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பிடி போடுகிறவரே, பூட்டு விழுந்ததும் நிறுத்துங்கள். வெட்டி இழுப்பதற்குப் பெயர் பயிற்சி அல்ல. பயிற்சியாளர்களே, சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். நடத்தும் போட்டிகளில் ஹீல் ஹூக்கை 2021-இல்தான் அனுமதித்தார்கள். அதுவும் கீ என்ற தடித்த பயிற்சி உடை இல்லாத ஆட்டத்தில், மேல்நிலையான பிரவுன், பிளாக் பெல்ட் வாங்கிய பெரியவர்களுக்கு மட்டும். எட்டு மாத வெள்ளை பெல்ட்டுக்கு அங்கே என்ன வேலை?

கழுத்துப் பிடி பற்றியும் ஒரு வார்த்தை. ரியர் நேக்கட் சோக் சரியாக விழுந்தால் நெரிபடுவது மூச்சுக்குழாய் அல்ல, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள். மூச்சு வருகிறதே என்று இருந்தால் பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும். மயங்கியவர் வாயில் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள். பிடியை விட்டதும் சில நொடிகளில் விழிக்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நன்றாக எழுந்து போனவருக்கு அன்றோ, சில நாள் கழித்தோ புதிதாகக் கழுத்துவலி, தலைவலி, பேச்சுக் குழறல் வந்தால் "தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது" என்று விடாதீர்கள். குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கலாம், அது பக்கவாதம்வரை போகும்.

நம் ஆளுக்கு வீக்கம் வடிந்ததும் அறுவை சிகிச்சை. அப்புறம் குறைந்தது ஒன்பது மாதம் பிசியோதெரபி. எல்லாம் விளக்கி முடித்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "டிசம்பர்ல ஒரு போட்டி இருக்கு டாக்டர்" என்றார்.

"எந்த வருஷ டிசம்பர்?" என்று கேட்டேன்.