பிகெமோத் யாளி அல்ல

பிகெமோத் என்பது ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டு’ என்ற வீடியோ விளையாட்டில் நான்கு பேர் சேர்ந்து வேட்டையாடும் பெரிய கொம்பு விலங்கு. அதை ‘யாளி’ என்று சொல்வதைப் போன வாரம் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டேன். அந்த ஆட்டத்தைத் தமிழில் விளக்கும் ஒரு காணொளியில் முதலில் வந்தது. அப்புறம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், சண்டை நடுவில், “அண்ணா, யாளி மீட்டியர் போடுது, எங்க ஒளியறது?” என்று கத்தினார். கடைசியில் விளையாட்டுச் சொற்களைத் தமிழாக்கும் ஒரு பட்டியலில் அதை எழுத்திலேயே பார்த்தேன்: பிகெமோத் என்றால் யாளி. முதல் இரண்டையும் பேச்சுவாக்கில் வந்தது என்று விட்டிருப்பேன். பட்டியலில் ஏறிவிட்டால் நாளை எல்லோரும் அதையே எடுத்து எழுதுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பு எளிது. எபிரேய மொழியில் ‘பெஹெமா’ என்றால் விலங்கு, குறிப்பாகக் கால்நடை. அதன் பன்மை ‘பெஹெமோத்’. விவிலியத்தில் யோபு நூலின் 40ஆம் அதிகாரத்தில் இந்தப் பன்மைச் சொல் ஒரே ஒரு விலங்கின் பெயராக வருகிறது. விலங்குகளுக்கெல்லாம் விலங்கு என்று அதன் பெருமையைக் காட்டவே பன்மை வந்தது என்பது பொதுவான விளக்கம். எகிப்திய மொழியில் ‘நீர் எருது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது என்று சிலர் சொன்னதுண்டு. அப்படி ஒரு சொல் எகிப்திய எழுத்துகளில் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு வந்த வழியும் நேரானதே. 1988இல் ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டஸி 2’ இந்தப் பெயரில் ஒரு கொடிய விலங்கை இறக்கியது. அதன்பின் அந்தத் தொடரில் அது ஊதா உடலும் பெரிய கொம்புகளுமாகத் திரும்பத் திரும்ப வந்தது. 2018 ஆகஸ்டில் ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ ஆட்டத்திலிருந்து அதைக் கொண்டுவந்து ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்டு’ உலகத்தில் விட்டார்கள். பதிலுக்கு ‘மான்ஸ்டர் ஹன்டர்’ உலகத்தின் ரத்தலோஸ் என்ற விலங்கு ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ ஆட்டத்துக்குப் போனது. ஜப்பானியர்கள் தங்கள் புராணங்களில் பூதங்களுக்குப் பஞ்சமே இல்லாதபோதும், இதற்கு உள்ளூர்ப் பெயர் எதையும் ஒட்டவில்லை. தங்கள் நாவுக்கு ஏற்றபடி ‘பெஹீமொசு’ என்று பெயரையே எழுதிக்கொண்டார்கள்.

இனி யாளிக்கு வருவோம். பட்டியல்காரர்களின் வாதம் புரியாமல் இல்லை: “பிறமொழிப் பெயர் எதற்கு? நம்மிடமே ஒரு மாபெரும் கற்பனை விலங்கு இருக்கிறதே.” இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாளி என்பது ‘பெரிய கற்பனை விலங்கு’ என்ற பொதுப்பெயர் அல்ல. அதற்குச் சொந்த உருவமும் கதையும் வேலையும் உண்டு. சிங்க உடல், பல இடங்களில் யானைத் துதிக்கை. சங்கப் பாட்டுகளில் ஆளி என்ற பெயரில் யானையையே வேட்டையாடும் விலங்கு அது. யோபு நூலின் பிகெமோத் என்ன செய்கிறது? மாட்டைப்போலப் புல் தின்கிறது! எலும்புகள் வெண்கலக் குழாய்கள், வால் கேதுரு மரம். நிழலிலும் நாணலிலும் படுத்துக் கிடக்கிறது. யோர்தான் ஆறு பெருக்கெடுத்து வந்தாலும் கலங்குவதில்லை. ஒன்று யானையைக் கொல்வது, மற்றது புல் மேய்வது. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெடும்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் யாளியின் பொருட்டுத்தான். நம் கோயில் மண்டபத் தூண்களில் யாளி பாய்ந்து நிற்பது காவலுக்கு. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதன் வாய்க்குள் கைவிட்டு, உள்ளே உருளும் கல்லைத் தொட்டுப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நான்கு பேர் சேர்ந்து கொன்று, கொம்பை அறுத்து, தோலை உரிக்கும் ஒரு விலங்குக்குக் கொடுப்பதைத் தமிழ்ப்பற்று என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நாளை உண்மையான யாளியை வைத்து நம் பிள்ளைகளில் ஒருவர் ஒரு விளையாட்டு செய்தால், அப்போது அதை என்ன பெயரில் கூப்பிடுவது?

இன்னொரு குழுவினர் ‘நீர்யானை’ என்கிறார்கள். இதற்காவது ஒரு வரலாறு உண்டு. 1663இல் சாமுவேல் போஷார் என்ற பிரெஞ்சு அறிஞர், பிகெமோத் நீர்யானையே என்று விரிவாக எழுதினார். பலர் அதை ஏற்றார்கள். யோபு நூலுக்கு உரை எழுதுபவர் அப்படிச் சொல்லலாம். ஆனால் விண்கல்லை வரவழைக்கும் கொம்பு விலங்கை நீர்யானை என்றால், கேட்கிறவர் மனதில் சேற்றில் கிடக்கும் உயிரினம்தானே வரும்?

விளையாட்டை உருவாக்கியவர்கள் யோபு நூலை மறக்கவில்லை என்பதை இந்தத் தமிழாக்கக்காரர்கள் கவனிக்கவே இல்லை. ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ ஆட்டத்தில் இந்த விலங்கு வரும் திறந்தவெளிச் சண்டையின் பெயர், 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் யோபு 40:15 தொடங்கும் சொற்கள்: “இதோ பிகெமோத்தைப் பார்”. ‘மான்ஸ்டர் ஹன்டர்’ ஆட்டத்தில் இதை எதிர்கொள்ளும் வேட்டைப்பணி ஒன்றின் பெயர் அதே அதிகாரத்தின் 24ஆம் வசனத்திலிருந்து எடுத்தது. அது விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடிக்க முடியுமா, மூக்கைத் துளைத்துக் கயிறு போட முடியுமா என்று கேட்கிற வசனம் அது. வேட்டைக்காரனிடம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி எது? யாளி என்று மாற்றியதும் இந்தத் தொடர்பு முழுதும் அறுந்துபோகிறது.

இன்னொன்றும் அறுகிறது. அரபுக் கதைகளில் உலகைத் தாங்கும் பெருமீனுக்கு பஹமூத் என்று பெயர். அது பிகெமோத்திலிருந்து திரிந்த பெயர் என்பது பரவலான கருத்து. ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு அந்தப் பெயரை ஒரு டிராகனுக்கு வைத்தது. ‘ஃபைனல் ஃபேன்டஸி’யின் டிராகன் அரசன் பஹமுத் அந்த வழியில் வந்தவன். ஒரே தொடரில் ஒருவேர்ப் பெயர்கள் இரண்டு, ஒன்று விலங்காக, ஒன்று டிராகனாக. பெயரை அப்படியே வைத்தால்தான் இந்த உறவு காதில் விழும்.

பழைய தமிழ் விவிலியத்தைப் பாருங்கள். ஆதியாகமம் 1:24இல் ‘பெஹெமா’ வரும் இடத்தில் ‘நாட்டுமிருகங்கள்’ என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். அதே சொல்லின் பன்மை யோபுவில் பெயராக வரும்போது ‘பிகெமோத்’ என்றே விட்டார்கள். எது பொதுச்சொல், எது பெயர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று தமிழாக்குகிறவர்களுக்கு அந்த நிதானம் இல்லை. பெயரைக் கண்டாலும் தமிழாக்குகிறார்கள், தமிழாக்க வேண்டிய இடத்தில் அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து வைக்கிறார்கள்.

பெயரில் மட்டும் நிற்கும் பிழை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இந்தச் சண்டை சொல்லைப் புரிந்துகொண்டு ஆட வேண்டிய சண்டை. தப்பான சொல் ஆளைக் கொல்லும்.

பிகெமோத்தின் பேரடி ‘எக்லிப்டிக் மீட்டியர்’. வானிலிருந்து ஒரு விண்கல் இறங்கும். வெளியில் நிற்பவர் ஒரே அடியில் விழுவார். தப்பிக்க வழி, அதற்கு முன் பிகெமோத் ‘காமெட்’ என்ற மந்திரத்தால் தரையில் இறக்கிய பாறை ஒன்றின் பின்னால் போய் நிற்பது. உங்களுக்கும் பிகெமோத்துக்கும் நடுவில் பாறை இருக்க வேண்டும். பட்டியலில் காமெட்டுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? வால்நட்சத்திரம். “வால்நட்சத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளுங்கள்” என்று படித்த எங்கள் தம்பி வானத்தைத் தேடிக்கொண்டு நின்றார், விழுந்தார். ‘விழுகல்’ என்று சொல்லியிருந்தால் தரையைப் பார்த்திருப்பார். நான் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன்.

விழுகல்லைக் காப்பதும் ஒரு வேலை. பிகெமோத்தின் அடி பட்டால் அது உடையும். எனவே ஒருவர் அதன் கவனத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, கல் கிடக்கும் பக்கத்திலிருந்து அதை விலக்கி வைத்திருக்க வேண்டும். தலையில் அடித்துக்கொண்டே இருந்தால் அது அவர்மேல் குறிவைக்கும். அவருக்கும் அதற்கும் இடையே சிவப்புக் கோடு தெரியும். கேடயமும் ஈட்டியும் வைத்திருப்பவருக்கு ஏற்ற வேலை இது. மற்ற மூவரும் அந்த நேரத்தில் பின்னாலும் பக்கத்திலும் அடிக்கலாம். இந்தக் குறிவைப்பை ‘பகைமை’ என்று எழுதுகிறார்கள். பகைமை அதற்கு நான்கு பேரிடமும் உண்டு. ஒருவரை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதற்கு நம்மிடம் ‘கறுவு’ இருக்கிறது. யானை கறுவு வைக்கும் என்கிறோமே, அதேதான். “என்மேல கறுவு வச்சிருச்சு” என்று ஒருவர் சொன்னால் குழுவில் எல்லோருக்கும் உடனே புரிகிறது.

அந்த அடியை வாங்குபவரை ஆங்கிலத்தில் டேங்க் என்பார்கள். பட்டியலில் ‘தொட்டி’. முதல் உலகப் போரில் அந்த ஊர்தியை ரகசியமாகச் செய்தபோது, நீர்த்தொட்டி என்று வெளியே சொல்வதற்காகவே அப்பெயர் வைத்தார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஒரு வீரரைத் தொட்டி என்று கூப்பிடலாமா? இலங்கைத் தமிழில் போர் ஊர்தியைத் ‘தாங்கி’ என்று எழுதுவதுண்டு. ஒலியும் நெருங்குகிறது, அடியைத் தாங்குபவர் என்ற பொருளும் தானாக வருகிறது. அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருப்பது ‘காரிப்டிஸ்’ என்ற சூறைக்காற்று. ஹோமரின் காவியத்தில் கடலை விழுங்கி உமிழும் சுழலின் பெயர் அது, பெயராகவே இருக்கட்டும். காற்றை வரவழைக்கப் பிகெமோத் நின்று கூவும்போது முகத்துக்கு நேரே கண்கூச வைக்கும் ஒளிக்குண்டை வீசினால் மந்திரம் கலையும். தவறவிட்டால் குறிவைக்கப்பட்டவர் ஓரமாக ஓடி, சூறாவளியைக் களத்தின் விளிம்பில் விட்டுவிட வேண்டும். நடுவில் விட்டால் பிறகு நிற்கவே இடம் இருக்காது. விழுகல் எதுவும் மிஞ்சாத நிலையில் விண்கல் இறங்கினால், அது தரையைத் தொடும் கணத்தில் ‘ஜம்ப்’ என்ற குதிக்கும் சைகையைப் போட்டுத் தப்பலாம். கணம் தவறினால் பயனில்லை.

சரி, பெயரைப் பெயராகவே விட்டாயிற்று. அளவில் பெரிய எதையும் பிகெமோத் என்று சொல்லும் ஆங்கில வழக்குக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், அங்கே தமிழ்ச்சொல் வேண்டும்தான். ‘மாவிலங்கு’ என்று ஒருவர் சொன்னார்; அது ஏற்கெனவே ஒரு மரத்தின் பெயர். நான் சொல்வது ‘வயமா’. “மாவும் மாக்களும் ஐயறிவினவே” என்கிறது தொல்காப்பியம். அந்த மா எபிரேயத்தின் ‘பெஹெமா’வைப் போலவே விலங்கைப் பொதுவாகக் குறிப்பது. “வய வலியாகும்” என்பதும் தொல்காப்பியமே. இரண்டும் சேர்ந்த வயமா, வலிமை மிக்க விலங்கு என்ற பொருளில் பழைய பாட்டுகளிலேயே உண்டு. அரிமா நம் வாயில் இன்னும் புழங்குகிறதே, வயமாவும் புழங்கும்.

பட்டியலை வைத்திருப்பவர்களுக்கு நான்கு திருத்தங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன்: பிகெமோத், விழுகல், கறுவு, தாங்கி. முதலாவதை மட்டுமாவது உடனே மாற்றச் சொல்லியிருக்கிறேன். எங்கள் தம்பி இப்போது “பிகெமோத் கறுவு வச்சிருச்சு, விழுகல் வலப்பக்கம்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.