ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்கு டெஸ்ட் எழுதும்போது ஒரு திருடனும் வேண்டும்

வாசகர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார். ஸ்மார்ட் கான்ட்ராக்டை, அதாவது பணத்தைத் தானே கையாளும் நிரலை, ஒருமுறை பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஏற்றிவிட்டால் மாற்ற முடியாது, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 'கேஸ்' என்ற கட்டணம் வேறு, அப்படியிருக்க அதை எங்கே வைத்துத்தான் டெஸ்ட் செய்கிறார்கள் என்று.

பதில் எளிது: நம் மடிக்கணினியில். எதீரியம் என்ற பிளாக்செயினின் நிரல்களை ஓட்டும் ஈவிஎம் என்ற கற்பனை இயந்திரம், ஒரே உள்ளீட்டுக்கு எந்தக் கணினியிலும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் கணினிகள் ஒரே கணக்கை ஒப்புக்கொள்ளவே முடியாது. அதனால் அது வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது மணி என்ன, யார் கூப்பிடுகிறார், அவரிடம் எவ்வளவு ஈதர் (எதீரியத்தின் நாணயம்) இருக்கிறது என்பதெல்லாம் அதன் கையில் நாம் கொடுக்கும் எண்கள்தான். ஃபவுண்ட்ரி என்ற கருவியில் 'வார்ப்' என்று ஒரு வரி போட்டால் ஒரு வருடம் ஓடிவிடும், 'டீல்' என்றால் எந்த முகவரிக்கும் நூறு ஈதர் வந்துவிடும், 'பிராங்க்' என்றால் அடுத்த அழைப்பு வேறொருவர் பெயரில் போகும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் 'செட்டப்' என்ற தயாரிப்புப் பகுதி புதிதாக ஓடும், முந்தைய டெஸ்டின் மிச்சம் எதுவும் ஒட்டாது. ஹார்ட்ஹேட் கருவியில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம், ஃபவுண்ட்ரியில் கான்ட்ராக்ட் எழுதும் சாலிடிட்டி மொழியிலேயே எழுதலாம். 'ஃபோர்ஜ் டெஸ்ட்' என்று தட்டினால், தேறியது பச்சை, தோற்றது சிவப்பு. ஒரு காசு செலவில்லை.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு சின்ன உண்டியல் கான்ட்ராக்ட் எழுதுகிறோம். யார் வேண்டுமானாலும் ஈதர் போடலாம், போட்டவர் திரும்ப எடுக்கலாம். எடுக்கும்போது மூன்று வேலை: கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார், அனுப்பு, கணக்கைச் சுழியாக்கு. முதல் இரண்டில் எது தவறினாலும் அந்த அழைப்பே தோற்கும். படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஆனால் பணம் வாங்குபவர் மனிதராக இல்லாமல் இன்னொரு கான்ட்ராக்டாக இருந்தால், பணம் வந்து சேர்ந்ததும் அதனுடைய 'ரிசீவ்' என்ற பகுதி தானாக ஓடும். அதற்குள் "மறுபடி எடு" என்று எழுதி வைத்திருந்தால்? உண்டியல் இன்னும் மூன்றாவது வேலைக்கே வரவில்லை, கணக்கில் பழைய தொகை அப்படியே இருக்கிறது, மறுபடி அனுப்பும். 2016 ஜூன் 17 அன்று 'தி டாவோ' கான்ட்ராக்டிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் இந்த ஓட்டை வழியாகத்தான் போனது. அதை மீட்க எதீரியம் சங்கிலியையே பிரிக்க வேண்டியதாயிற்று, பிரிவை ஏற்காதவர்கள் தொடர்ந்ததுதான் இன்றைய எதீரியம் கிளாசிக்.

இதற்கு டெஸ்ட் எழுத வேண்டுமென்றால் டெஸ்ட் கோப்புக்குள் திருடனையும் நாமே எழுத வேண்டும். மற்றவர்கள் 10 ஈதர் போட்டிருக்கிறார்கள், திருடன் தன் பங்குக்கு 1 போட்டுவிட்டு எடுக்க ஆரம்பிக்கிறான். தாக்குதல் முடிந்த பிறகு உண்டியலில் குறைந்தது 10 ஈதர் இருக்க வேண்டும், இதுதான் நம் நிபந்தனை. நான் முதன்முதலில் இதை எழுதியபோது திருடனை நிறுத்தவே இல்லை, பணம் வரும்போதெல்லாம் மறுபடி எடு என்று விட்டுவிட்டேன். தாக்குதல் தோற்றாலும் டெஸ்ட் நின்றுவிடாமல் இருக்க, அந்த அழைப்பை 'ட்ரை-கேட்ச்' உள்ளே போட்டிருந்தேன். டெஸ்ட் பச்சை காட்டியது! ஓட்டை கண்ணெதிரே இருக்கிறது, டெஸ்டோ எல்லாம் நலம் என்கிறது.

காரணம் புரிந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். 11 முறை எடுத்ததும் உண்டியல் காலி. 12வது முறை அனுப்பப் பணமில்லை, அந்த அழைப்பு தோற்கிறது. உள்ளே தோற்றது அதைக் கூப்பிட்டவனையும் தோற்கடிக்கிறது, அது அதற்கு வெளியே இருப்பதை, இப்படியே அடுக்கு அடுக்காகக் கலைந்து வந்து, தாக்குதலின் முதல் வரிவரை நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடுகிறது. தோற்ற அழைப்பு செய்ததெல்லாம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் ரத்தாக வேண்டும் என்பது ஈவிஎம் விதி. ஆக பேராசைக்காரத் திருடன் ஒரு காசுகூடக் கொண்டுபோக முடியாது, போதும் என்று நிறுத்தத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். திருடனுக்குள் "உண்டியலில் 1 ஈதராவது இருந்தால் மட்டும் மறுபடி எடு" என்று ஒரு வரி சேர்த்தேன், உடனே சிவப்பு, உண்டியலில் சுழி.

அதனால்தான் பச்சையை மட்டும் பார்த்த டெஸ்டை நான் நம்புவதில்லை. "ஆடிட் முடிந்தது", அதாவது வெளியார் நிரலைச் சோதித்துவிட்டார்கள், என்ற முத்திரையைப் பார்த்ததும், வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று, இனி பிரேக் பார்க்க வேண்டாம் என்பதுபோலப் பணத்தைக் கொட்டுபவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. டோக்கன் என்ற கிரிப்டோ நாணயம் வெளியிடச் சொல்லித் தரும் பயிற்சி வகுப்புகள் முதல் வாரத்திலேயே இந்த உண்டியலை உடைக்கக் கற்றுத் தர வேண்டும் என்பது என் கட்சி.

திருத்தம் ஒரே ஒரு இடமாற்றம்தான்: முதலில் கணக்கைச் சுழியாக்கு, அப்புறம் அனுப்பு. திரும்பி வரும் திருடன் கணக்கில் சுழியைப் பார்ப்பான், தாக்குதல் மொத்தமும் கலைந்துவிடும். அது டெஸ்டையும் சேர்த்து வீழ்த்தாமல் இருக்க அந்த அழைப்பு 'ட்ரை-கேட்ச்' உள்ளேயே இருக்கட்டும். பச்சை வந்ததும் கணக்கைச் சுழியாக்கும் வரியைப் பழையபடி கீழே இறக்கி இன்னொரு தடவை ஓட்டுங்கள், சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.