குங்குமம் மறைத்தாலும் பணம் போய்ச் சேர்வது எப்படி?

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் வாசகர் ஒருவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. அவர் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் பொட்டு வைத்தவர்கள் கியூஆர் அட்டையையும் விட்டுவைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் ஒரு பகுதி சந்தனத்திலும் குங்குமத்திலும் மறைந்திருந்தும் கைபேசி அதை உடனே படித்துவிட்டது. மறைந்துபோன தகவல் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. விடையைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்று நாட்டின் சில்லறை வணிகமும் அரசின் வரி நிர்வாகமும் அந்தச் சிறு சதுரத்தின்மீது கணிசமாகச் சாய்ந்திருக்கின்றன.

அட்டையில் இருப்பது கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும் அடங்கிய ஒரு வரி எழுத்து மட்டுமே. செயலி அதைப் படித்ததும் தொகையையும் ரகசிய எண்ணையும் நாம் இடுகிறோம். கோரிக்கை தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் வழியாக நம் வங்கிக்குச் சென்று பணத்தைக் கழிக்கச் செய்து, கடைக்காரரின் வங்கியில் வரவு வைக்கிறது. 2016 ஏப்ரலில் 21 வங்கிகளுடன் சோதனையாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடி பரிவர்த்தனைகளைக் கடந்தது. 2020 சனவரி முதல் இதற்காக வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு விதித்ததும், கார்டு இயந்திரத்துக்கு வழியில்லாத தள்ளுவண்டிக்காரருக்கும் அச்சிட்ட ஒரு தாளே போதும் என்ற நிலை வந்ததும் இந்தப் பரவலுக்கு முக்கியக் காரணங்கள். ஆனால் அந்தத் தாள் வெயிலிலும் மழையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்க வேண்டும். கணிதம் உள்ளே வருவது இங்கேதான்.

கியூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரின் தலைமையில் உருவானது. வாகன உதிரிபாகப் பெட்டிகளைக் கண்காணிக்க அன்றிருந்த பட்டைக் குறியீடுகளில் இருபது எழுத்தளவுக்கு மேல் தகவலை அடக்க முடியவில்லை. ஆலையில் மசகும் அழுக்கும் படிவதும் தவிர்க்க முடியாதது. எனவே அழுக்குப் பட்டாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே நிபந்தனையாக இருந்தது. அதற்கு அவர்கள் கையில் எடுத்த கருவி, இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் ஆகிய இரு கணித அறிஞர்கள் அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1960இல் வெளியிட்ட சில பக்கக் கட்டுரையில் இருந்தது.

அதன் மையக் கருத்தைப் பள்ளிக்கூட வரைபடத்தாளிலேயே விளக்கிவிடலாம். 3, 5 என்ற இரண்டு எண்களை நான் உங்களுக்கு அனுப்ப வேண்டும். முதல் எண்ணை 1 என்ற இடத்திலும் இரண்டாம் எண்ணை 2 என்ற இடத்திலும் புள்ளிகளாகக் குறித்து, இரண்டையும் இணைத்து ஒரு நேர்கோடு வரைகிறேன். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் செல்ல முடியும். அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் 3ஆம் இடத்தில் 7, 4ஆம் இடத்தில் 9 கிடைக்கின்றன. நான் உங்களுக்கு 3, 5, 7, 9 என்று நான்கு எண்களையும் அனுப்பிவிடுகிறேன். வழியில் எந்த இரண்டு அழிந்தாலும் கவலையில்லை. எஞ்சிய இரண்டு புள்ளிகளை வைத்து அதே கோட்டை மீண்டும் வரைந்து, தொலைந்தவற்றைப் படித்துக்கொள்ளலாம்.

எண் அழியாமல் தவறாக மாறி வந்தால் சிக்கல் கூடுகிறது, அழகும் கூடுகிறது. உங்களுக்கு 3, 5, 8, 9 என்று வந்து சேர்கிறது. எது தவறு என்று யாரும் சொல்லவில்லை. நான்கு புள்ளிகளையும் குறித்துப் பார்த்தால் முதலாவது, இரண்டாவது, நான்காவது ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் அமைகின்றன. வேறு எந்தக் கோட்டை முயன்றாலும் இரண்டு புள்ளிகளுக்கு மேல் அகப்படுவதில்லை. ஆகவே கோட்டை விட்டு விலகி நிற்கும் 8 தவறு, அங்கே இருக்க வேண்டியது 7 என்று நீங்களாகவே முடிவு செய்யலாம். தவறு நேர்ந்ததையும், நேர்ந்த இடத்தையும், சரியான மதிப்பையும் வந்த எண்களே சொல்லிவிடுகின்றன. இரண்டு கூடுதல் எண்களுக்கு, இடம் தெரிந்த அழிவுகள் இரண்டையோ இடம் தெரியாத பிழை ஒன்றையோ சரிசெய்யலாம் என்பது கணக்கு. அனுப்ப வேண்டிய எண்கள் அதிகமானால் நேர்கோட்டுக்குப் பதிலாக உயர்படிப் பல்லுறுப்புக்கோவையின் வளைகோட்டை எடுத்துக்கொள்கிறோம். கியூஆர் கோட்டில் கணக்கிடும் முறை சற்று வேறு என்றாலும் அடிப்படை இதுவே.

ஒரு இடையூறு மிச்சமிருக்கிறது. கோட்டை நீட்ட நீட்ட எண்கள் பெரிதாகிக்கொண்டே போகும்; ஆனால் கியூஆர் கோட்டில் ஒரு எண்ணுக்குக் கிடைக்கும் இடமோ ஒவ்வொன்றும் 0 அல்லது 1 ஆக இருக்கும் எட்டுச் சிறு கட்டங்கள், அதாவது 0 முதல் 255 வரை மட்டும். இதற்கு ரீடும் சாலமனும் நாடியது முடிவுள்ள களம் என்ற எண் உலகத்தை. 256 எண்கள் மட்டுமே உள்ள அந்த உலகில் எந்த இரண்டைக் கூட்டினாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் (பூச்சியத்தால் வகுப்பது நீங்கலாக) விடையும் அந்த 256க்குள்ளேயே அமையும். கூட்டலில் கைக்கு எடுத்துச் செல்வதே கிடையாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம். இத்தகைய களங்களுக்கு அடித்தளம் இட்டவர் பிரான்ஸின் எவரிஸ்த் கலுவா. 1832இல் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் காயமுற்று இறந்தபோது அவருக்கு வயது 20. அவர் எழுதியதைத் தேநீர்க் கடைக்குப் பயன்படும் என்று சொல்லி அன்று எவராவது நிதி கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக ஆராய்ச்சிக்குச் செலவிடும் நம் நாட்டில், விண்ணப்பப் படிவத்திலேயே உடனடிப் பயனைக் காட்டச் சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டுவது. 1960இன் கட்டுரையே அதிவேகமாகப் பிழை நீக்கும் வழி கண்டுபிடிக்கப்படும் வரை கிட்டத்தட்டப் பத்தாண்டு காத்திருந்தது; பிறகு அது வாயேஜர் விண்கலத்துக்கும் சிடி இசைத்தட்டுக்கும் ஒருசேர உதவியது.

கியூஆர் கோட்டில் பிழைதிருத்தத்துக்கு நான்கு நிலைகள் உண்டு. ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும். உச்ச நிலையில், 21க்கு 21 கட்டங்கள் கொண்ட மிகச் சிறிய கோட்டின் 26 எண்களில் உண்மையான தகவல் 9 மட்டுமே. மீதி 17ம் காவல் எண்கள், அவற்றால் 8 பிழைகள் வரை நீக்க முடியும். பெரிய கோடுகளில் இன்னொரு நுட்பமும் சேர்கிறது. எண்களைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றொன்றாக எடுத்து மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். அதனால் ஓரிடத்தில் விழுந்த பொட்டின் சேதம் எல்லாத் தொகுதிகளுக்கும் பங்கிடப்பட்டு, எந்த ஒன்றின் தாங்குதிறனையும் மீறாமல் போகிறது. நடுவில் சின்னத்தை அச்சிடும் நிறுவனங்கள் இந்தத் தாங்குதிறனைத்தான் வேண்டுமென்றே செலவழிக்கின்றன. ஆனால் மூலையிலுள்ள மூன்று பெரிய சதுரங்களுக்கு இந்தக் காவல் கிடையாது. கோடு எங்கே இருக்கிறது என்பதையே கைபேசி அவற்றை வைத்துத்தான் அறிகிறது. குங்குமம் வைப்பவர்கள் அங்கே வைக்காமல் இருந்தால் நல்லது.

இவ்வளவு கெட்டிக்காரக் கணிதத்துக்கும் ஒன்று தெரியாது: தன்மேல் ஒட்டப்பட்டிருப்பது யாருடைய கோடு என்பது. 2025 சனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளிலும் பெட்ரோல் நிலையத்திலும் இருந்த கோடுகளின்மீது இரவோடு இரவாக வேறு கோடுகளை ஒட்டிப் பணத்தைத் திருப்பியிருந்தார்கள். ஒட்டப்பட்ட கோடு இலக்கணச் சுத்தமானது. அதில் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை.

விபத்தைச் சமாளிக்கும் கணிதம் வேறு, மோசடியைச் சமாளிக்கும் கணிதம் வேறு. பின்னதை அரசு தன் ஆவணங்களில் பயன்படுத்துகிறது. ஆதாரின் கியூஆர் கோட்டிலும், ஜிஎஸ்டி மின்விலைப்பட்டியலின் கோட்டிலும் தகவலோடு ஒரு டிஜிட்டல் கையொப்பமும் இருக்கிறது. தகவலைக் கணக்கிட்டு ஒரு சிறிய எண்ணாகச் சுருக்கி, வழங்கும் அமைப்பிடம் மட்டுமே உள்ள ரகசியத் திறவுகோலால் அதைப் பூட்டுகிறார்கள். எல்லோருக்கும் வெளியிடப்பட்ட இணைத் திறவுகோலால் எவரும், இணைய இணைப்பு இல்லாமலேயே, அதைச் சரிபார்க்கலாம். ஓர் எழுத்தை மாற்றினாலும் சுருக்கம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆக ஒரே சதுரத்தின் மேலடுக்கில் மையின் குறைகளை மன்னிக்கும் கணிதமும், உள்ளடுக்கில் எதையும் மன்னிக்காத கணிதமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

வணிகத்துக்கும் அரசுக்கும் இடையிலான உறவை அதிகம் மாற்றியது இந்த உள்ளடுக்குதான் என்பது என் கருத்து. முன்பு ரசீது என்பது வணிகரின் சொந்தப் புத்தகத்தில் பிறந்து, பல மாதம் கழித்து வரி அதிகாரியின் கண்ணில் படுவது. ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2020 அக்டோபரிலும், 5 கோடியைத் தாண்டியவற்றுக்கு 2023 ஆகஸ்டிலும் மின்விலைப்பட்டியல் கட்டாயமான பிறகு, ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு எழுதும் ரசீது முதலில் அரசின் பதிவுத் தளத்துக்குச் சென்று, 64 எழுத்துள்ள தனி எண்ணையும் கையொப்பமிட்ட கோட்டையும் பெற்றுத் திரும்பினால்தான் செல்லும்.

சிறு கடைகளின் நிலை அப்படியல்ல. அங்கே அரசு பார்ப்பது தொகையை மட்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்து ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வணிகர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் கடைக்காரர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி வைத்தார்கள். பொருள் விற்போருக்கு 40 லட்சம், சேவை தருவோருக்கு 20 லட்சம் ரூபாய் ஆண்டு விற்றுமுதல் என்ற பதிவு வரம்பு பழையதுதான்; அதைத் தாண்டுவது வெளியே தெரிவதுதான் புதிது. ஆனால் வந்த பணம் வரி இல்லாத காய்கறிக்கா, வரி உள்ள பொருளுக்கா, உறவினர் தந்த கைமாற்றா என்பது கோட்டுக்கும் தெரியாது, வங்கிக்கும் தெரியாது. அந்த வேறுபாட்டை விசாரித்து அறிய வேண்டிய வேலையைத் தரவே செய்துவிடும் என்று துறை எண்ணியது, தொழில்நுட்பத்தின்மீது வைத்த மூடநம்பிக்கை என்றே சொல்வேன். பழைய பாக்கியை வற்புறுத்தப் போவதில்லை என்று பின்னர் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஒட்டுக் கோட்டு மோசடிக்குத் தீர்வு கையொப்பத்தைவிட எளிய ஒன்றாக வந்திருக்கிறது. பணம் பெறுபவரின் பெயரைக் கோட்டிலிருந்து எடுத்துக் காட்டக் கூடாது, வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று பணப்பட்டுவாடாக் கழகம் செயலிகளுக்கு 2025 ஜூன் இறுதி வரை கெடு விதித்தது. மோசடிக்காரர் கோட்டுக்குள் எந்தக் கடைப் பெயரை எழுதினாலும் திரையில் கணக்கு வைத்திருப்பவரின் பெயரே தோன்றும். இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு: தனிநபர் கணக்கில் பணம் வாங்கும் பல கடைகளில் பெயர்ப்பலகையில் ஒரு பெயரும் திரையில் இன்னொரு பெயரும் இருக்கும், ரகசிய எண்ணை இடும் முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.