நெல்லுக்காகக் கட்டிய வீடு

மேலூர்ப் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளுக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்து தேக்கு உத்திரத்தைப் பார்ப்பார்கள். நான் நேரே உள்ளறைக்குப் போய், நெல்லைச் சேமித்து வைக்கும் மண் கலமான குலுக்கையைத் தேடுவேன். வீட்டின் மற்ற அமைப்பெல்லாம் அதைச் சுற்றித்தான் என்பது என் எண்ணம்.

1895-இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்கு வந்தது. மேலூர் வட்டாரத்தில் வானம் பார்த்துக் கிடந்த நிலங்கள் நஞ்சையாயின. சரி, விளைந்த நெல்லை வருஷம் முழுக்க எப்படிக் காப்பாற்றுவது?

அறுத்த பிறகும் நெல்லுக்கு உயிர் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் ஈரத்தையும் சூட்டையும் வெளியே விடுகிறது. ஈரம் கூடினால் மூச்சு வேகமாகும், குவியல் சூடேறும், பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எல்லாம் அடங்கும். களத்தில் இதற்குக் கருவி பல்தான். ஒரு மணியைக் கடித்து, 'டக்'கென்று உடைந்தால் உள்ளே கொட்டலாம். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

வைக்கோல் பிசைந்த களிமண்ணால் ஆனது குலுக்கை. தரையின் ஈரம் மேலே ஏறாதபடி கற்களின் மேல் நிற்கும். வாயை மூடி, மண்ணும் சாணமும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். காற்று அறவே புகாத பாத்திரம் அல்ல அது. ஆனாலும் உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய வண்டும் அந்துப்பூச்சியும் பெருகுவது தளரும். அடியில் ஒரு சிறு துளை இருப்பதால் நெல் எடுக்க மேல் மூடியைத் திறக்கவே வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் துளைதான்.

அப்புறம், ஏன் உள்ளறை? மேற்கு வெயில் காயும் சுவரை ஒட்டி வைத்தால் ஒரு பக்க நெல் மட்டும் சூடாகும். அங்கிருந்து ஈரத்தோடு எழும் காற்று குளிர்ந்த பக்கத்தில் பட்டு நீராகப் படியும், அந்த இடம் கெட்டுவிடும். தடித்த சுண்ணாம்புச் செங்கல் சுவரைக் கடந்து வெக்கை உள்ளே வரப் பல மணி நேரமாகும், அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறிப் போய்விடும்.

துளையில் திணித்த துணியை உருவினால் நெல் சரசரவென்று மரக்காலில் விழும். அப்போது கையை நீட்டிப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் அந்த நெல் குளுகுளுவென்றிருக்கும்.