ஒரே தண்ணீர், அவளுக்கு மட்டும் ஏன் அத்தனை குளிர்?

என் மகளுக்கு இரண்டு வயது. சனிக்கிழமை காலையில் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன், வகுப்பு என்று பெயர்தானே தவிர, நான் அவளை அக்குளில் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடப்பேன், அவள் காலை உதைப்பாள், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும், தாடை வெடவெடவென்று ஆடும். "போலாமா?" என்றால், "ம்ஹூம்". எனக்கோ அதே தண்ணீரில் ஒன்றுமே தெரியாது.

குளத்தில் மிதக்கும் தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டியது. வீட்டில் 28 டிகிரி என்றால் ஃபேன் போடுகிற ஆட்கள் நாம். ஆனால் தண்ணீர் காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். காற்றில் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் நின்று போர்வை மாதிரி காக்கிறது, தண்ணீரில் அந்த வசதி குறைவு, அதுவும் காலை உதைக்க உதைக்க ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சரி, இது எனக்கும்தானே பொருந்தும்? இங்கேதான் அளவு விளையாடுகிறது. சோறு ஊட்டும்போது பானையிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சின்ன உருண்டையாகப் பிடித்தால் உடனே ஆறிவிடுகிறது, பானைக்குள் இருப்பது இன்னும் கொதிக்கிறது. சின்ன உருவத்துக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். 70 கிலோ ஆளுக்குத் தோல் ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர், 12 கிலோ குழந்தைக்கு 0.53. கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால் குழந்தைக்கு 1.7 மடங்கு வருகிறது. வெப்பம் வெளியேறும் வாசல் அத்தனை அகலம். உள்ளே அடுப்பாக இருக்க வேண்டிய தசையோ கொஞ்சம்தான்.

அந்த நாவல்பழ நிறம் உடம்பின் சிக்கனம். நடுவிலுள்ள சூட்டைக் காப்பாற்றத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, மெதுவாக ஊர்கிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சப்பட்டு அது கருத்துப்போகிறது, உதட்டுத் தோல் மெல்லியது என்பதால் நீலமாகத் தெரிகிறது. துவட்டிச் சூடு ஏறியதும் போய்விடும். போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதில் ஒரு பக்கக் கதை உண்டு. சுருங்கிய குழாய்களிலிருந்து ரத்தம் உடம்பின் நடுவுக்கு ஒதுங்க, தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து அமுக்க, 'ரத்தம் கூடிப்போச்சு' என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் நீரை வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. குளத்தில் இறங்கினாலே குழந்தைகளுக்கு மூச்சா வருவது சேட்டை மட்டுமல்ல. நீச்சல் டயப்பர் அதைத் தடுக்காது, மலத்தை மட்டும்தான் பிடித்து வைக்கும். அந்தச் சிறுநீரும் வியர்வையும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் நாம் 'குளோரின் வாடை' என்று சொல்வது. வாடை தூக்கலாக இருந்தால் குளம் சுத்தம் என்று நினைத்து நானும் ரொம்ப நாள் ஏமாந்திருக்கிறேன்.

பெரிய குளிர் கரையேறிய பிறகுதான். தோலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும், ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி, அதாவது அரை லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரிக்கு மேல் சூடாக்கக்கூடிய வெப்பம். அதில் பெரும்பங்கு தோலிலிருந்துதான் போகிறது, காற்று வீசினால் இன்னும் வேகமாக. ஈர உடையோடு போட்டோ எடுக்க நிறுத்தி வைப்பது இதனால்தான் மோசம். என் அம்மா குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டித் தூக்கிய அதே நொடியில் பழைய வேட்டியால் தலையோடு சுற்றுவார். குழந்தையின் உடம்பில் தலைக்குப் பங்கு அதிகம், நம்மைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். புதுத் துண்டைவிட நைந்த வேட்டி தண்ணீரை நன்றாக இழுக்கிறது என்பதை நானே பார்த்துவிட்டேன்.

கைக்குழந்தைகளுக்கென்றே உள்ள குளங்களில் தண்ணீரை 32 டிகிரி வாக்கில் வைப்பார்கள். எங்களுடையது பெரியவர்கள் நீந்தும் குளம். அதனால் மாஸ்டர் அரை மணி நேரம் என்று சொன்னாலும், இருபதாவது நிமிடம் நான் அவளைத் தூக்கிவிடுகிறேன். அவள் கத்துவாள், பல் கிட்டியபடியே.