பின்னிருசு விகிதம்: அச்சாணி வேறு, இருசு வேறு

காரின் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு சேர்க்கும் பல்லிணையின் விகிதத்தை வீட்டிலேயே கண்டறிவது எப்படி என்று விளக்கும் தமிழ்க் குறிப்புகளில், 'பின்புற அச்சாணி கியர் விகிதம்' என்ற தொடர் மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. 'ரியர் ஆக்சில் ரேஷியோ' என்பதற்கு ஈடாக இதை எழுதுகிறார்கள். இது பிழை; வேலை செய்பவரை ஆபத்தில் தள்ளக்கூடிய பிழை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அம்பாசடர், பழைய ஜீப் போன்ற வண்டிகளில் கியர் பெட்டியிலிருந்து புறப்படும் நீண்ட இயக்குத்தண்டு, பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் இருசின் நடுவே புடைத்திருக்கும் கூட்டுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே தண்டோடு சுழலும் சிறு பல்சக்கரத்தைப் பட்டறையில் பினியன் என்பார்கள். அது திருப்பும் பெரிய பல்சக்கரம் கிரவுன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் நாம் தேடும் விகிதம். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 11 பல்லும் இருந்தால் 3.73; பினியனில் 10 பல் என்றால் 4.10. அதாவது, சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுற்ற இயக்குத்தண்டு நான்கு சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும்.

'ஆக்சில்' என்ற சொல் பழைய நார்ஸ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனின் 'ஆக்சிஸ்', வடமொழியின் 'அட்ச' ஆகியவை அதற்கு உறவு. நம்முடைய 'அச்சு' என்பதையும் அகராதிகள் அந்த வடசொல்லோடு சேர்த்தே காட்டுகின்றன. வண்டிக்காரர் வாயில் அதே உறுப்புக்கு 'இருசு' என்று பெயர்.

அச்சாணி என்பதோ அச்சில் செருகும் ஆணி. மாட்டுவண்டியின் சக்கரத்தை அருகே நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருசின் முனை சக்கரத்தின் குடத்தைத் துளைத்து வெளியே சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் உள்ள துளையில், சக்கரம் கழன்று ஓடிவிடாதபடி இறக்கிய விரல் தடிமனான இரும்புத் துண்டுதான் அச்சாணி. கடையாணி என்பதும் இதுவே. வள்ளுவர் 667ஆம் குறளில் 'உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்' என்று சொன்னது, உருவத்தில் சிறியது என்று யாரையும் இகழாதே என்பதற்காக. அச்சாணி என்றால் தேரின் இரு பக்கத்துச் சக்கரங்களையும் தாங்கும் பெரிய உத்தரம் என்று பொருள்கொண்டால் அந்தக் குறளுக்குப் பொருளே இல்லாமல் போகும். சுமை தாங்கும் உறுப்பைச் சொல்லவேண்டிய இடத்தில் அவரே வேறு சொல்லைத்தான் எடுத்தார்: மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் 'அச்சு இறும்' என்பது 475ஆம் குறள். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், மேடும் பள்ளமுமான வழியில் போகும் உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டி எடுத்துச்செல்லும் 'சேம அச்சை' அதியமானின் மகன் எழினிக்கு உவமையாக்குகிறார். சுமையைத் தாங்குவது, ஒடிவது, மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்வது எல்லாம் அச்சு. கழலாமல் காப்பது ஆணி. இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் தெளிவாக இருந்த வேறுபாட்டை நம் காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லால் அழித்துவிட்டார்கள்.

அழித்ததன் விளைவை அளவெடுக்கும் முறையிலேயே காணலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, இருசுக் குழாயின் அடியில் தாங்கி (ஸ்டாண்டு) ஒன்றை வைக்க வேண்டும். இந்த இடத்தில் 'அச்சாணியின் கீழ் தாங்கியை வைக்கவும்' என்று எழுதினால், சொல்லின் பொருள் அறிந்தவர் சக்கரத்தின் வெளிமுனையில் தேடுவார். அங்கே கண்ணில் படுவது நட்டும் அதைப் பூட்டும் சிறு பின்னும்தான். பின்னர் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, டயரிலும் இயக்குத்தண்டிலும் சாக்கட்டியால் கோடிட வேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் 20 சுற்றுச் சுற்றி, தண்டின் சுற்றுகளை எண்ணிப் பத்தால் வகுக்க வேண்டும். மற்ற சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரன்ஷியல் என்ற பல்லிணை உள்ளே இருப்பதால் கிரவுன் 10 சுற்றுதான் சுற்றும். அதனால்தான் இருபதால் வகுக்காமல் பத்தால் வகுக்கிறோம். தண்டு 41 முறை சுற்றியிருந்தால் விகிதம் 4.10. இது சாதாரண டிஃபரன்ஷியலுக்கு மட்டுமே பொருந்தும். தண்டையும் 'இயக்க அச்சு' என்று எழுதிவிட்டு இருசை 'அச்சாணி' என்று எழுதும் குறிப்பைப் படித்து ஒருவர் எதைத்தான் எண்ணுவார்?

அப்படியானால் 'பின் அச்சு விகிதம்' என்றே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். அது தவறில்லை, ஆனால் அச்சு என்ற சொல்லுக்கு இன்று வேலை மிகுதி. கணக்குப் பாடத்தில் அது கற்பனைக் கோடு, அச்சகத்தில் எழுத்து, வார்ப்புப் பட்டறையில் வடிவம். சக்கரம் தன் அச்சில் சுழல்கிறது என்று எழுதும் அதே பத்தியில், கையால் தொடக்கூடிய இரும்பு உறுப்புக்குத் தனிப்பெயர் இருப்பதே தெளிவு. மாட்டுவண்டியின் இருசு சுழலாது, காரின் உள்தண்டு சுழலுமே என்ற மறுப்பும் உண்டு. சுழல்வது கூட்டுக்குள் இருக்கும் அரைத்தண்டு. வண்டியின் சுமையைத் தாங்கி அசையாமல் கிடக்கும் வெளிக்கூடு இருசின் வேலையைத்தான் செய்கிறது. எனவே 'பின்னிருசு விகிதம்' என்பதே என் தேர்வு. பட்டறையில் 'கிரவுன் பினியன் ரேஷியோ' என்று சொல்வதிலும் எனக்குக் குறையில்லை, ஏனென்றால் அங்கே பொருள் குழம்புவதில்லை.

விகிதம் என்பதற்கு 'வீதம்' என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது வீதம். 41க்கு 10 என்பது அலகில்லாத விகிதம். 4.10ஐ 'உயர் கியர் விகிதம்' என்று மொழிபெயர்ப்பதால் அந்த வண்டி அதிக வேகம் போகும் என்று நம்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றும், நெடுஞ்சாலையில் பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். 'எண் பெரிய விகிதம்', 'எண் சிறிய விகிதம்' என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.